பாபினை நாமே சுற்றுவதா, சுற்றியே வருவதை வாங்குவதா?

பிப்ரவரி 2 — கேள்வி

கீழ்நூலைத் தாங்கும் சிறு உருளையான பாபினைச் சுற்றும் வசதி தையல் இயந்திரத்திலேயே இருக்கிறது. நூற்கண்டும் கையில் இருக்கிறது. அப்படியிருக்க, நூல் சுற்றியே விற்கப்படும் ஆயத்த (ப்ரீவவுண்ட்) பாபின்களைப் பெட்டி பெட்டியாக வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. நான் துணியும் தைக்கிறேன், எம்பிராய்டரியும் போடுகிறேன். இரண்டுக்கும் ஒரே தையல் நூலைத்தான் பாபினில் சுற்றிக்கொள்கிறேன். இதில் என்ன குறை என்று யாராவது காரணத்தோடு சொல்ல முடியுமா?

பிப்ரவரி 2, இரவு

துணி தைப்பதைப் பொறுத்தவரை நீங்கள் செய்வது முற்றிலும் சரி. எம்பிராய்டரிக்கு அது பொருந்தாது. இரண்டு வேலையிலும் கீழ்நூலின் பொறுப்பு வேறு வேறு என்பதே காரணம்.

ஒரு சட்டையின் பக்கவாட்டில் இரு துணிகளை இணைக்கும் தையல் மூட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேல்நூலும் கீழ்நூலும் சமமாகச் சுமை தாங்குகின்றன. இரண்டும் துணியின் தடிமனுக்கு நடுவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று மெலிந்தாலும் மூட்டு முழுவதும் மெலியும். எம்பிராய்டரியில் கீழ்நூல் எதையும் இணைப்பதில்லை. மேல்நூலைத் துணியின் அடிப்பக்கத்துக்குச் சற்றே இழுத்துப் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியக் கூடாது, அடியில் தடிக்கவும் கூடாது.

ஆகவே எந்தப் பாபின் என்று முடிவெடுப்பதற்கு முன், இந்த வேலையில் கீழ்நூல் மூட்டின் பாதியா, வெறும் பிடிமானமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாதி என்றால் மேலே ஓடும் அதே நூலை நாமே சுற்றிக்கொள்வதுதான் முறை. பிடிமானம் என்றால் ஆயத்த பாபினுக்கு ஈடாக ஒன்றை வீட்டில் சுற்றுவது எளிதல்ல.

பிப்ரவரி 3

“நூல் நூல்தானே, தடிமனில் அப்படி என்ன பெரிய வேறுபாடு” என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்காகவே சொல்கிறேன்.

எம்பிராய்டரி நூல்களில் போடப்படும் எண், 1 கிலோ எடையில் எத்தனை கிலோமீட்டர் நீளம் வரும் என்பதைக் குறிக்கிறது. மேலே ஓடும் ரேயான் அல்லது பாலியெஸ்டர் நூல் பெரும்பாலும் 40 எண்; அதாவது 40 கிலோமீட்டர் நூல் 1 கிலோ. பாபினுக்குரிய நூல் பெரும்பாலும் 60 எண். எண் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் கணக்கில், அதாவது 1,000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்த்தால், 60 எண் நூல் ஏறத்தாழ 16 டெக்ஸ் வரும். ஆயத்த பாபின் பெட்டிகளில் காணப்படும் 70/2 டெனியர் (9,000 மீட்டருக்கு 70 கிராம் வரும் இழை இரண்டு சேர்ந்தது) என்ற குறிப்பும் இதே அளவைத்தான் சொல்கிறது.

சாதாரணத் தையல் நூற்கண்டில் 40/2 என்று இருப்பதைப் பார்த்து அதுவும் அதே 40 என்று எண்ணிவிடக் கூடாது. அது பருத்தி எண் என்ற வேறோர் அளவுமுறையில் வருவது. அந்த நூல் ஏறத்தாழ 30 டெக்ஸ். ஆக, தையல் நூலைச் சுற்றி எம்பிராய்டரிக்கு வைக்கும்போது, உரியதைப் போல ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ள தடித்த நூல் அடியில் ஓடுகிறது. நெருக்கமான வடிவமொன்றில் ஆயிரக்கணக்கான தையல்கள் ஒரே இடத்தில் விழும்போது அந்தத் தடிமன் சேர்ந்து சேர்ந்து அட்டைபோல் விறைத்துப்போகிறது. மெல்லிய துணியில் போட்ட பூவேலை உடுத்தும்போது துணியோடு மடியாமல் தனித் துண்டாக நிற்பதற்கு, வடிவத்தின் நெருக்கத்தையும், துணியைத் தாங்க அடியில் வைக்கும் ஸ்டெபிலைசர் தாளையும் அடுத்து, நான் முதலில் சந்தேகப்படுவது கீழ்நூலைத்தான்.

பிப்ரவரி 3, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ஓரத்துக்கு ஓரம் நெருக்கமாக ஓடும் சாட்டின் தையலில் போட்ட ஓர் எழுத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குக் கீழ்நூலின் வெள்ளைக் கோடும், அதன் இருபுறமும் மேல்நூலின் நிறமும் தெரிந்தால் இழுவிசை சரியாக இருக்கிறது. வெள்ளை அடியோடு காணவில்லை என்றால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது, அல்லது கீழ்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. வெள்ளை அகன்று, எழுத்தின் முன்பக்க ஓரத்திலும் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் நிலைமை இதற்கு நேர்மாறு.

பிப்ரவரி 5

ஆயத்த பாபின் வாங்கிப் போட்டதும் துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடுபோல் சிக்கிக்கொண்டது, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என்னிடம் பார்க்கச் சொல்லிக் கொண்டுவரப்படும் இயந்திரங்களில் இந்தப் புகார் வந்தால், நான் நூலைத் தொடுவதற்கு முன் பாபினின் உயரத்தைத்தான் அளக்கிறேன்.

15ஆம் வகுப்புப் பாபினும் எல் வகைப் பாபினும் விட்டத்தில் ஏறத்தாழ ஒன்றே; இரண்டும் 20 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தட்டில் வைத்து மேலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் 15ஆம் வகுப்பின் உயரம் 11.7 மில்லிமீட்டர், எல் வகையின் உயரம் ஏறத்தாழ 8.9 மில்லிமீட்டர்தான். எல் பாபினை 15ஆம் வகுப்புக் கேஸில், அதாவது பாபின் உட்காரும் கூட்டில், வைத்தால் தடையில்லாமல் உள்ளே போய்விடும். போனபின் மேலும் கீழும் ஆடும். நூல் ஒரே சீராக வெளியே வராது. சில வீட்டு இயந்திரங்கள் இந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்கின்றன, சில பொறுப்பதில்லை. 11.5 மில்லிமீட்டர் உயரம் கேட்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. பக்கங்கள் லேசாகக் குவிந்த 66ஆம் வகுப்பை 15க்குப் பதிலாக வைப்பதும் இதே தொல்லையைத் தரும். குயில்ட் எனும் பல அடுக்குப் போர்வை தைக்கும் நீண்ட கையுடைய இயந்திரங்கள் பலவற்றில் வரும் எம் வகை, 25 மில்லிமீட்டரை நெருங்கும் விட்டம் உள்ளது என்பதால் அது தவறிப்போய் உள்ளே நுழைய வழியே இல்லை.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிட இயந்திரக் கையேட்டில் எழுதியிருப்பதை நம்புங்கள். “எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தும்” என்று அச்சிட்ட பெட்டியை நான் வாங்குவதில்லை.

பிப்ரவரி 6

நாமே சுற்றும் பாபினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆயத்த பாபினின் பெருமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, உண்மையில் ஒழுங்காகச் சுற்றப்பட்ட பாபினின் பெருமைதான். தொழிற்சாலையில் ஒரே வேகத்தில், ஒரே இழுவிசையில், அடுக்குக்கு அடுக்கு படிந்து விழும்படி சுற்றுகிறார்கள். அதை நாம் எட்டிப்பிடிக்க முடியாவிட்டாலும் நெருங்க முடியும்.

இயந்திரத்தின் மேற்பகுதியில், பாபின் சுற்றுவதற்கென்றே ஒரு சிறிய இழுவிசைத் தட்டு இருக்கும். நூல் அதன் இரு தகடுகளுக்கும் இடையே உண்மையிலேயே நுழைந்திருக்க வேண்டும். தகட்டின் மேல் தொட்டுக்கொண்டு போவது போதாது. நுழையாவிட்டால் பாபின் பஞ்சுபோல் தளர்ந்து சுற்றப்படும். சுற்றி முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் நூலின் மேல் அழுத்திப் பாருங்கள்: குழி விழுந்தால் அது தளர்ந்த பாபின், அதைத் தைப்பதற்குப் பயன்படுத்தாமல் திரும்பச் சுற்றுவதே நல்லது. தளர்ந்த பாபினில் மேலடுக்கின் நூல் கீழடுக்குக்குள் புதைந்துகொள்ளும். பிறகு தைக்கும்போது அது வெட்டி வெட்டி வெளியே வரும். அந்த ஒவ்வொரு வெட்டும் துணியில் ஓர் இறுகிய தையலாகத் தெரியும்.

தொடக்க நுனியைப் பாபினின் துளை வழியே மேலே விட்டு, சில சுற்றுகள் படியும்வரை விரலால் பிடித்திருந்து, பிறகு இயந்திரத்தை நிறுத்தி அந்த நுனியைத் துளையோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். அரை சென்டிமீட்டர் நுனி நீட்டிக்கொண்டிருந்தாலும் அது கேஸுக்குள் மாட்டும். முந்தைய வேலையில் மிஞ்சிய நூலின் மேலேயே புதிய நூலைச் சுற்றக் கூடாது. அடியில் உருண்டையாகக் கிடக்கும் பழைய சுற்று, மேலே வரும் ஒவ்வோர் அடுக்கையும் மேடுபள்ளமாக்கும்.

நூல் ஒருபுறம் குவிந்து கூம்பாகச் சுற்றப்படுமானால், பெரும்பாலும் இழுவிசைத் தட்டின் உயரம் பாபினின் நடுவுக்கு நேராக இல்லை. பல இயந்திரங்களில் அதை ஒரு திருகைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம்.

பிப்ரவரி 6, சிறிது நேரம் கழித்து

வேகம். மிதியை ஒரே அழுத்தாக அழுத்திச் சரசரவென்று சுற்றுவதுதான் நம்மில் பலருக்கும் பழக்கம். பாலியெஸ்டர் நூல் அந்த இழுப்பில் நீண்டுவிடும். நீண்ட நிலையிலேயே பாபினில் அடைபட்டிருக்கும். மூட்டில் போய் விழுந்தபின் மெதுவாகத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். தைத்து முடித்தபோது தட்டையாக இருந்த மூட்டு மறுநாள் சுருங்கியிருப்பதற்கு இது ஒரு காரணம். இஸ்திரி போட்டாலும் இந்தச் சுருக்கம் முழுதாகப் போகாது. நடுத்தர வேகத்தில், முடிந்தால் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சுற்றுங்கள்.

இதே காரணத்தால்தான் பிளாஸ்டிக் பாபின்களின் பக்கங்கள் வெளிப்புறம் பிதுங்குகின்றன. நீண்ட நூல் சுருங்கப் பார்க்கும்போது உள்ளே உருளையை நெரித்து, இரு பக்கங்களையும் வெளியே தள்ளுகிறது. அத்தகைய பாபின் கேஸுக்குள் உரசும். சில சமயம் சுற்றும் முள்ளிலிருந்தே கழற்ற வராது. கண்ணாடிபோன்ற நைலான் ஒற்றையிழை நூலில் இது இன்னும் கடுமையாக நடக்கும் என்பதால், அதை மெதுவாகவும் பாபினில் பாதியளவு மட்டுமே நிரம்பும்படியும் சுற்றுவேன்.

பிப்ரவரி 9

இரண்டாம் தேதி எழுதியதை மறுபடியும் படித்தேன். எம்பிராய்டரி என்றாலே கீழ்நூல் பிடிமானம் மட்டுமே என்பது பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதால் அதைச் சற்று வரையறுக்க வேண்டும்.

நீரில் கரையும் தாளின் மேல் போட்டு, பிறகு தாளைக் கரைத்துவிடும் லேஸ் வேலையில் துணியே கிடையாது. நூல்தான் அங்கே துணி. கீழ்நூல் மெலிந்து வெள்ளையாக இருந்தால் பின்பக்கம் வேறொரு பொருள்போலத் தெரியும். லேஸும் தன் வடிவத்தில் நிற்காமல் துவளும். ஆகவே மேலே எந்த நூலோ அதே நூலைப் பாபினிலும் சுற்றிக்கொள்ள வேண்டும். துண்டின் ஓரம், மெல்லிய தாவணி, இருபுறமும் பார்க்கக்கூடிய கைக்குட்டை ஆகியவற்றில் வலிமை ஒரு பொருட்டில்லை, நிறமே முக்கியம். அங்கேயும் மேல்நூலின் நிறத்தில் நாமே சுற்றிக்கொள்வதுதான் வழி. குயில்டின் பின்பக்கமும் அப்படித்தான்.

எனவே கீழ்நூல் மூட்டின் பாதியா, பிடிமானமா என்ற என் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: பின்பக்கத்தை யாராவது பார்ப்பார்களா?

பிப்ரவரி 10

“பாபினே சின்னதாக இருப்பதுதான் தொல்லை, கீழ்நூலுக்கும் ஒரு பெரிய கூம்புக் கண்டை வைத்தால் என்ன” என்று கேட்டிருப்பவரின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

ஊசி கீழே இறங்கி மேலேறத் தொடங்கும் கணத்தில், அதன் கண்ணருகே மேல்நூல் ஒரு சிறு வளையமாக விலகுகிறது. கீழே சுழலும் ஹூக் என்ற கொக்கியின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து விரித்து, பாபினையும் அதன் கூட்டையும் முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. வளையம் மறுபுறம் வந்து விடுபட்டு மேலே இழுக்கப்படும்போது கீழ்நூல் அதற்குள் சிக்கியிருக்கும். அதுதான் லாக்ஸ்டிட்ச். ஆக, ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூல் பாபினைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. கீழ்நூலை வெளியிலிருக்கும் கண்டோடு இணைத்துவிட்டால் வளையம் தாண்டிப்போக வழியில்லை. பாபினைப் பெரிதாக்கினால் வளையமும் அந்த அளவுக்கு விரிய வேண்டும். ஆலன் வில்சன் 1851இல் சுழலும் ஹூக்குக்குக் காப்புரிமை பெற்றார். இந்த ஏற்பாடு இன்றுவரை அடிப்படையில் அதுவேதான். சங்கிலித் தையலும் துணியோரம் அடிக்கும் ஓவர்லாக்கும் வேறு முறையில் நூலைக் கோப்பதால் அவற்றுக்குப் பாபின் தேவையில்லை. அவற்றில் எல்லா நூலும் கூம்பிலிருந்தே வருகிறது.

பாபினைப் பெரிதாக்க முடியாது என்றான பின், அதே அளவுக்குள் அதிக நீளத்தை அடைப்பதுதான் மிஞ்சியிருக்கும் வழி. மெல்லிய நூலும் இறுக்கமான சுற்றும் அதற்காகத்தான். எல் வகை ஆயத்த பாபின் ஒன்றில் ஏறத்தாழ 100 முதல் 120 மீட்டர்வரை நூல் இருக்கும். தையல் நூலை நாமே சுற்றினால் அதில் பாதியை ஒட்டிய அளவுதான் கொள்ளும்.

பிப்ரவரி 14

பக்க அட்டை உள்ளது, பிளாஸ்டிக் பக்கம் உள்ளது, பக்கமே இல்லாதது என்று ஆயத்த பாபின்களில் மூன்று வகை இருப்பதைப் பற்றி.

பாபின் தீரப்போவதை ஒளிக்கதிரால் கண்டறியும் இயந்திரங்களில், அட்டைப் பக்கம் கதிரை மறைத்துவிடும். அதனால் எச்சரிக்கை வராமலே போகலாம், அல்லது நூல் நிறைய இருக்கும்போதே வரலாம். அப்படிப்பட்ட இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாபினைத் தவிர வேறொன்றையும் வைக்க வேண்டாம். ஈரப்பதம் மிகுந்த அறையில் அட்டைப் பக்கம் நெளிந்தும்போகும்.

பக்கமில்லாத வகையில் அதே இடத்துக்குள் இன்னும் சற்று அதிக நூல் அடங்கும். சிலவற்றின் நடுவில் காந்தம் இருக்கும். இயந்திரம் சட்டென்று நிற்கும்போது பாபின் தானாகச் சுழன்று நூலை அவிழ்த்துவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். மற்ற வகைகளுக்கு இந்த வேலையைக் கேஸின் அடியிலுள்ள மெல்லிய ஸ்பிரிங் தகடு செய்கிறது. காந்தப் பாபின் போடும்போது அந்தத் தகட்டை எடுத்துவிட வேண்டும். எஃகுக் கேஸ் இல்லாத இயந்திரத்தில் காந்தம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

நிறத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: வெளிர் துணிக்கு வெள்ளை, அடர் துணிக்குக் கறுப்பு. எம்பிராய்டரியில் பெரும்பாலும் இந்த இரண்டே போதும்.

பிப்ரவரி 20

எல்லாரும் நூலைப் பற்றியே பேசுகிறோம். கேஸைப் பற்றி யாரும் பேசவில்லை. தையல் நூலுக்குச் சரிசெய்து வைத்த கேஸில் 60 எண் நூலைப் போட்டால், நூல் மெலிந்தது என்பதால், கேஸின் வெளிப்புறத்தில் நூலை அழுத்திப் பிடிக்கும் தகட்டின் பிடியிலிருந்து எளிதாக நழுவும். கீழ்நூல் தளர்ந்து துணியின் மேற்பக்கம் எட்டிப் பார்க்கும். உடனே “ஆயத்த பாபின் சரியில்லை” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

என் மேசையில் இரண்டு கேஸ்கள் இருக்கின்றன. எம்பிராய்டரிக்குரியதன் முதுகில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். அதை ஒருமுறை சரிசெய்தபின் தையலுக்காக அந்தத் தகட்டை இறுக்கும் திருகைத் தொடுவதே இல்லை. செங்குத்தாகப் பொருத்தும் கேஸ் என்றால் சோதிப்பது எளிது: பாபினைக் கேஸில் வைத்து, நூலின் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கேஸ் தானாகக் கீழே ஓடினால் தளர்வு. கையை லேசாக வெடுக்கென்று அசைத்தால் இரண்டு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். அப்போதும் அசையவில்லை என்றால் இறுக்கம். இழுவிசை மானி வைத்திருப்பவர்கள் எம்பிராய்டரிக்கு 18 முதல் 22 கிராம்வரை வைக்கிறார்கள். நானும் அந்த எல்லைக்குள்தான் வைத்திருக்கிறேன்.

திருகைத் திருப்புவதற்கு முன் தகட்டுக்கு அடியில் பாருங்கள். ஒரு தடித்த தாளின் மூலையை அங்கே நுழைத்து ஓட்டினால், எள்ளளவு பஞ்சுத்துகள் உருண்டு வெளியே வரும். அந்த எள்ளளவு துகள் தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தால் எத்தனை முறை திருப்பியும் இழுவிசை நிலைக்காது. துகள் இல்லை என்று உறுதியான பிறகு, கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுக்கு மட்டும் திருப்பி, மறுபடியும் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கேஸ் கிடையாக இருக்கும் இயந்திரங்களில் தொங்கவிடும் சோதனை அவ்வளவு நம்பகமானதல்ல. அங்கே மூன்றாம் தேதி எழுதிய சாட்டின் எழுத்துதான் சாட்சி.

பிப்ரவரி 27

செலவு. முதல் கேள்வியே அதுதான். இவ்வளவு நாள் அதைத் தொடாமல் இருந்ததற்குக் காரணம், நூலின் விலையை மட்டும் பார்த்தால் நாமே சுற்றுவதுதான் எப்போதும் மலிவு. அதில் விவாதமே இல்லை.

எல் ஆயத்த பாபின் ஒன்று 25,000 முதல் 30,000 எம்பிராய்டரித் தையல்கள்வரை தாங்கும். தையல் நூலைச் சுற்றினால் அந்தத் தூரத்துக்கு இரண்டு பாபின் வேண்டும். இதன் பொருள், பெரிய வடிவத்தின் நடுவில் ஒருமுறை கூடுதலாக இயந்திரம் நிற்கும். கீழ்நூல் தீர்ந்த இடத்தைத் தேடிச் சில தையல்கள் பின்னோக்கி நகர்த்தி மீண்டும் தொடங்க வேண்டும். அந்த ஒட்டு, நிரப்புத் தையலின் நடுவில் விழுந்தால் சாய்வான வெளிச்சத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். துணியை இறுக்கிப் பிடித்திருக்கும் எம்பிராய்டரி வளையத்தைத் தொட்டுத் தொட்டு மாற்றும்போது துணி நகர்ந்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. எப்போதாவது ஒரு கைக்குட்டையில் பெயர் போடுபவருக்கு இவை எதுவும் பெரிதல்ல. அவர் மெல்லிய பாபின் நூலை ஒரு கண்டு வாங்கி நிதானமாகச் சுற்றிக்கொள்ளலாம், முடிவு நன்றாகவே இருக்கும். நாள் முழுவதும் இயந்திரம் ஓடும் இடத்தில் கணக்கே வேறு.

இடைவழியும் ஒன்று உண்டு. பாபின் சுற்றுவதற்கென்றே மோட்டாரோடு தனிச் சிறு கருவிகள் கிடைக்கின்றன. எம்பிராய்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் சிலவற்றின் இழுவிசை மிகவும் தளர்வு. நகத்தால் அழுத்திப் பார்க்காமல் அவற்றில் சுற்றிய பாபினைப் பயன்படுத்த வேண்டாம்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் இப்போது எம்பிராய்டரிக்கு மட்டும் 15ஆம் வகுப்பு ஆயத்த பாபின் வாங்கிப் போட்டிருப்பதாகவும், வேலையின் பின்பக்கம் மென்மையாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். கூடவே மூன்று ஐயங்களையும் கேட்டிருக்கிறார்.

காலியான பிளாஸ்டிக் பாபினில் மறுபடியும் சுற்றலாமா என்பது முதலாவது. சிலவற்றில் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் பள்ளம் இருக்காது. அவை சுற்றும்போது வழுக்கும், சுற்றும் சீராக விழாது. பள்ளம் இருந்து, பக்கங்களும் பிதுங்காமல் இருந்தால் சுற்றலாம். ஓரத்தில் கீறல் விழுந்ததைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது, மிஞ்சிய ஆயத்த பாபின்களைக் கொண்டு சாதாரணத் துணி தைக்கலாமா என்பது. மெல்லிய துணியின் மடிப்போரத்துக்கும், பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கால்சட்டையின் இருக்கை மூட்டுக்கோ பையின் கைப்பிடிக்கோ வைக்காதீர்கள். இழுப்பு வரும்போது முதலில் அறுவது அந்த 16 டெக்ஸ் நூல்தான்.

மூன்றாவது, பாபினை எந்தத் திசையில் வைப்பது என்பது. கிடையாக வைக்கும் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் நூலை இழுத்தால் பாபின் இடஞ்சுழியாகச் சுழல வேண்டும். செங்குத்துக் கேஸ்களில் இது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால் கையேட்டின் படத்தைப் பாருங்கள். ஆயத்த பாபினில் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் தலைகீழாக வைத்துவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு முறையும் மூடியைப் போடுவதற்கு முன் நூலை ஒருமுறை இழுத்து, அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.